ஏசிப் பூஞ்சையும் துளைக்குள் இருந்த செய்தித்தாளும்

படுக்கையறைச் சுவரில் கரும்புள்ளிகள் திரும்பி வராமல் நேற்றோடு 120 நாள் ஆகிறது. இதற்கு முன் நான்கு முறை துடைத்து எடுத்திருக்கிறேன். அதிகபட்சமாக 11 நாள் தாங்கியது. அதனால்தான் இத்தனை நாள் எழுதாமல் காத்திருந்தேன்.

முதலில் கண்ணில் படவில்லை, மூக்கில்தான் பட்டது. ஏசியைப் போட்டதும் முதல் ஒரு நிமிடம், நனைந்த சாக்கை முகத்தில் போர்த்தியதுபோல ஒரு மக்கல் வாடை அடிக்கும். பிறகு மறைந்துவிடும். மறைந்துவிடுவதால் நாங்களும் மறந்துவிடுவோம். இரண்டு மாதம் கழித்து மகள், "அப்பா, அலமாரியில் இருக்கும் என் சால்வையில் ஏசி வாடை வருகிறது" என்றாள். அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். ஏசிக்கு வலப்பக்கக் கீழ்மூலையில் தொடங்கி அலமாரியின் பின்பக்கம் வரை, சுமார் 60 செ.மீ. அகலத்துக்கும் 40 செ.மீ. உயரத்துக்கும் கருப்பும் சாம்பல் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.

அறை 12க்கு 10 அடி. ஏசி 1.5 டன். இந்த அளவு அறைக்கு 1 டன் போதும் என்று கடைக்காரர் சொன்னார். பெரியதாக இருந்தால் சீக்கிரம் குளிருமே என்று நான்தான் பிடிவாதமாக வாங்கினேன். அந்தப் பிடிவாதம் இந்தக் கதையில் இன்னொரு முறை வரும்.

முதல் தவறு முதல் ஐந்து நிமிடத்திலேயே நடந்தது. உலர்ந்த தேங்காய்நார்த் தூரிகையால் சுவரை வறட்டு வறட்டென்று தேய்த்தேன். பூஞ்சையை உலர்வாகத் தேய்த்தால் அதன் வித்துத்தூள் அறை முழுவதும் பறக்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. முகக்கவசமும் இல்லை. அன்றிரவு முழுக்கத் தும்மினேன். மறுவாரம் அதுவரை சுத்தமாக இருந்த எதிர்ச் சுவரின் மூலையிலும் புள்ளிகள். தேய்த்ததால்தான் வந்தது என்று நிரூபிக்க முடியாது, ஆனால் எனக்குச் சந்தேகமில்லை. முதலில் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டி வெளியே போட்டிருக்க வேண்டும். இரண்டாம் முறையிலிருந்து என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் இல்லாமல் தொடவில்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்த வேலையின்போது அவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். படர்ந்த இடம் ஒரு சதுர மீட்டரைத் தாண்டினால் இந்தப் பதிவைப் பார்த்துச் செய்யாமல், தொழில்முறையில் செய்பவர்களைக் கூப்பிடுங்கள்.

அடுத்து வினிகர். 5 சதவீத அமிலமுள்ள வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலக்காமல் தெளித்து, ஒரு மணி நேரம் விட்டுத் துடைத்தேன். சுவர் வெளுத்தது. வீடே ஊறுகாய் ஜாடிபோல மணத்தது. எனக்கு ஒரே பெருமிதம். 11ஆம் நாள் அதே இடத்தில் அதே வடிவத்தில் புள்ளிகள், வரைபடம் வைத்துப் போட்டதுபோல. வினிகர் சில வகைப் பூஞ்சைகளை அழிக்கும், சிலவற்றை அழிக்காது. என் சுவரில் இருந்தது எந்த வகையோ, இரண்டாம் முறை தெளித்ததற்கும் 9 நாள்தான் மரியாதை கொடுத்தது. கோபத்தில் அதன்மேல் பிளீச்சிங் கரைசலை ஊற்றப் போனேன். நல்லவேளையாகக் கையை மனைவி பிடித்துக்கொண்டார். வினிகர் காயாத சுவரில் பிளீச்சிங் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது விளையாட்டல்ல.

இயற்கை வழி என்று சொல்லப்படும் மற்றவற்றையும் முயன்றேன். தேயிலை மர எண்ணெய்: ஒரு கோப்பைத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி என்று குலுக்கித் தெளித்தேன். பூஞ்சை கொஞ்சம் தயங்கியது, வாசனையால் நாங்கள் நிறையவே தயங்கினோம். பூனை, நாய் இருக்கும் வீட்டில் அந்த எண்ணெய் வேண்டாம், அவற்றுக்கு நஞ்சு. கரித்துண்டுப் பைகள்: வாடையைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டன, ஈரத்தை ஏறக்குறைய வாங்கவேயில்லை. மூன்று பூந்தொட்டிகளை அறைக்குள் வைத்தது முழு அபத்தம். ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதியை இலைகள் அறைக்காற்றிலேயே விடுகின்றன. ஈரத்தைக் குறைக்கவென்று ஈரம் உமிழும் பொருளை வாங்கி வைத்திருக்கிறேன்.

கால்சியம் குளோரைடு உறிஞ்சிப் பெட்டி உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் வைக்கும் இடத்தைப் பொறுத்து. திறந்த அறையில் ஒரு வாரத்தில் 180 மி.லி. நீர் சேர்ந்தது. பரவாயில்லையே என்று நினைத்தபடி ஏசியின் வடிகால் குழாய்க்கு அடியில் வாளி வைத்து அளந்தேன். ஒரே இரவில் 4 லிட்டருக்கு மேல். அதோடு அந்தப் பெட்டியை மூடிய அலமாரிக்குள் மாற்றினேன். அங்கே இன்றும் நன்றாக உழைக்கிறது.

இத்தனைக்கும் நான் ஒருமுறைகூட அறையின் ஈரப்பதத்தை அளந்து பார்க்கவில்லை. வைத்தியம் எல்லாம் நாடி பிடிக்காமலேயே நடந்திருக்கிறது.

உள்ளங்கை அளவு டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கினேன். மலிவுக் கருவியை அப்படியே நம்ப முடியாது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் 8 மணி நேரம் வைத்தேன். உப்புச் சேறு உள்ள மூடிய பையில் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். என் மானி 71 காட்டியது. ஆகவே அது காட்டுவதோடு 4 கூட்டிக்கொள்ள வேண்டும் என்று பின்னால் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினேன். இனி வரும் எண்கள் எல்லாம் கூட்டிய பிறகு வந்தவை.

ஏசியை 20 டிகிரியில், விசிறியை உச்ச வேகத்தில் வைத்து ஓடிய இரவில் 64 சதவீதம். காலையில் நிறுத்திவிட்டு, "அறைக்கு நல்ல காற்று வரட்டும்" என்று வழக்கம்போல் ஜன்னல்களைத் திறந்த பின் அரை மணியில் 83. நல்ல காற்றாம்! அன்று வெளியே 29 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரம். அப்படிப்பட்ட காற்று 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் வியர்த்துவிடும். அகச்சிவப்பு வெப்பமானியைச் சுவரில் காட்டினேன்: ஏசிக்கு எதிர்ப்பக்கம் 22, பூஞ்சை இருந்த மூலையில் 19.5. இரவெல்லாம் சுவரைக் குளிர வைத்துவிட்டு, விடிந்ததும் அதன்மேல் ஈரக்காற்றைத் தினமும் நானே திறந்துவிட்டிருக்கிறேன். குளிர்ந்த குவளை மேசையில் வியர்ப்பதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன்தான்.

ஜன்னல் திறப்பதை நிறுத்தினேன். சுவர் வெளிவெப்பத்துக்கு வந்த பிறகு, பகல் 11 மணிக்கு மேல்தான் திறப்பு. எதிர்ச் சுவரின் புள்ளிகள் துடைத்ததோடு போய்விட்டன. ஆனால் ஏசி மூலை அசையவில்லை.

இங்கேதான் மொத்த வேலையின் மிக மலிவான சோதனை வருகிறது. 30 செ.மீ. சதுரத்தில் மூன்று பாலித்தீன் தாள்களை வெட்டி, ஏசி மூலையில் ஒன்று, எதிர்ச் சுவரில் ஒன்று, ஜன்னலுக்குக் கீழே ஒன்று என நான்கு ஓரமும் இறுக்கமாக ஒட்டி இரண்டு நாள் விட்டேன். தாளின் அறைப்பக்கம் நனைந்தால் ஈரம் அறைக்காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எதிர்ச் சுவர்த் தாள் இருபக்கமும் உலர்வு. ஜன்னல் தாளிலும் ஒன்றுமில்லை. ஏசி மூலைத் தாளின் சுவர்ப்பக்கத்தில் முத்து முத்தாக நீர். மூன்று மாதமாக நான் வினிகர் தெளித்த இடத்துக்குச் சுவரே உள்ளிருந்து தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தது.

மின்சாரத்தை மெயின் சுவிட்சிலேயே நிறுத்திவிட்டு ஏசியின் முன்மூடியைக் கழற்றினேன். சலிப்பான்களை மாதம் ஒருமுறை கழுவுபவன் நான், அதனால் உள்ளே சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. கைப்பேசி வெளிச்சத்தைக் காற்று வரும் வாய்க்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். உருளை விசிறியின் ஒவ்வோர் இதழிலும் கரும் பிசுக்கு, 2 மி.மீ. கனத்தில். அந்த நனைந்த சாக்கு வாடையின் வீடு அதுதான்.

அதைக் கழுவ ஒரு முழு ஞாயிறு போயிற்று. மின்பலகை இருக்கும் பக்கத்தைப் பாலித்தீன் சுற்றி ஒட்டினேன். ஏசிக்குக் கீழே புனல்போல் தொங்கும் சுத்தம் செய்யும் பையைக் கட்டி, அதன் வாலை வாளிக்குள் விட்டேன். செடிக்குத் தெளிக்கும் 2 லிட்டர் அழுத்தத் தெளிப்பானில் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகளும். இதழ் இதழாக நீளக் காம்புத் தூரிகையால் தேய்த்துத் தெளித்தேன். மூன்று வாளி மைத்தண்ணீர் வந்தது. இங்கே வினிகரைப் பயன்படுத்தவில்லை, சமையல் சோடாவும் இல்லை. அமிலம் செம்புக் குழாயை அரிக்கும், காரம் அலுமினியத் தகடுகளை அரிக்கும். இயற்கைப் பொருள் என்பதால் உலோகம் அதற்கு விதிவிலக்கு தராது. பிளாஸ்டிக் இதழ்க் கதவுகளில் மட்டும் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளித்து 10 நிமிடம் விட்டுத் துடைத்தேன். அது நுரைத்து, தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், மிச்சம் எதுவும் தங்காது.

இதிலும் ஒரு தவறு: அலுமினியத் தகடுகளை மேலிருந்து கீழாகத்தான் தேய்க்க வேண்டும். ஒரு மூலையில் அவசரமாகக் குறுக்கே தேய்த்துவிட்டேன். உள்ளங்கை அகலத்துக்குத் தகடுகள் படுத்துவிட்டன. பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் ஒவ்வொன்றாக நிமிர்த்த ஒன்றரை மணி நேரம் ஆனது.

அடுத்து வடிகால். அடித்தட்டில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, வெளியே எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்த்தேன். 4 நிமிடம், அதுவும் முழுவதும் வரவில்லை. ரசமட்டத்தை வைத்தால், ஏசி வடிகால் வாய்க்கு எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது. தட்டின் மறுமுனையில் 6 மி.மீ. ஆழத்துக்கு நிரந்தரக் குட்டை, அதில் வழவழப்பான பாசி. சுவருக்கு வெளியே குழாய் நடுவில் தொய்ந்து தொப்பை போட்டிருந்தது. ஏசியை மாட்டியிருந்த தகட்டின் ஒரு பக்கத் திருகுகளைத் தளர்த்திச் சில மி.மீ. இறக்கினேன். வெளிக்குழாயை மூன்று இடத்தில் கவ்வி போட்டு, மீட்டருக்கு 1 செ.மீ.க்குக் குறையாத சரிவு வரும்படி நேராக்கினேன். ஈரத்தையும் உறிஞ்சும் தூசி உறிஞ்சியை வெளிமுனையில் வைத்து இழுத்ததும் விரல் நீளத்துக்கு ஒரு சளிக்கட்டி வந்தது. வர்ணிக்க மாட்டேன். இப்போது அதே அரை லிட்டர் 40 நொடியில் வெளியேறுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சுவருக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. ஏசியின் பின்னால் குழாய்கள் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. அதை நெம்பி எடுத்தேன். 65 மி.மீ. துளை. உள்ளே, பொருத்தியவர் திணித்துவிட்டுப் போன செய்தித்தாள். பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. எழுத்து தெரியாத அளவுக்குக் கருத்திருந்தது. பூஞ்சைக்குக் காகிதம் விருந்து. ஈரக் காகிதம் என்றால் பந்தி. அதற்குப் பின்னால், செம்புக் குழாயின் நுரை உறை விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பனிபோல் குளிர்ந்த குழாய், துளை வழியாக வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று: இரண்டும் சந்திக்கும் இடத்தில் எந்நேரமும் நீர் கோத்து, காகிதம் அதைக் குடித்து, காரை காகிதத்திடமிருந்து குடித்திருக்கிறது. துளையின் சரிவும் வெளிப்பக்கமாக இல்லாமல் உள்பக்கமாக இருந்தது.

பழைய 9 மி.மீ. உறையை அறுத்து எடுத்துவிட்டு 13 மி.மீ. நுரைக்குழாய் போட்டேன். குழாயைக் கழற்றாமல் போட வேண்டும் என்பதால் நீளவாக்கில் பிளந்து மாட்டி, பிளவை அதற்குரிய பசையால் ஒட்டி, மேலே நாடா சுற்றினேன். இரண்டு குழாய்களுக்கும் தனித்தனி உறை. இப்படிப்பட்ட ஏசிகளில் பெரும்பாலும் மெல்லிய குழாயும் குளிர்ந்துதான் ஓடும். துளையின் உள்தளத்தில் சிமென்ட் பூசி வெளிப்பக்கம் சரிவு கொடுத்தேன். இருபுறமும் ஏசி வேலைக்காரர்கள் பயன்படுத்தும் அடைப்பு மெழுகை அழுத்தி மூடினேன். இந்த மெழுகு இறுகாது, நாளை குழாயை எடுக்க வேண்டியிருந்தால் கையாலேயே நோண்டி எடுக்கலாம்.

சுவரில் உப்பிய பெயின்டையும் இளகிய காரையையும் நனைத்துச் சுரண்டினேன். பெராக்சைடு தெளித்து, மேசை விசிறியை அந்த மூலைக்கு நேராக வைத்து ஓட விட்டேன். நான்காம் நாளே தொட்டால் உலர்வாகத்தான் இருந்தது. கை சொன்னதை நம்பியிருந்தால் அன்றே பூசியிருப்பேன். பாலித்தீன் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்தேன்; உள்ளே மூட்டம். ஒன்பதாம் நாள்தான் தாள் தெளிவாக இருந்தது.

மீண்டும் பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்க மனம் வரவில்லை. நீற்றிய சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து வடிகட்டி, சுவரை லேசாக நனைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்று என மூன்று மெல்லிய பூச்சு கொடுத்தேன். புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை (pH அளவு) 12க்கும் மேல், அதில் பூஞ்சை முளைப்பது கடினம். சுவர் மூச்சு விடவும் செய்யும். காலப்போக்கில் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து காரம் தணிந்துவிடும், அதனால் ஆண்டுக்கு ஒரு பூச்சு கொடுக்க எண்ணியிருக்கிறேன். பழைய பெயின்டின் மேல் இது ஒட்டாது, உரிந்துவிடும். வெறும் காரை தெரியும்வரை சுரண்ட வேண்டும். கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடியில்லாமல் தூரிகையைத் தொடாதீர்கள். நான் இயற்கை வழி என்று செய்ததில் உருப்படியாக நின்றது இது ஒன்றுதான்.

கடைசியாக ஏசியை ஓட்டும் முறை. என் 1.5 டன் பெருமை இங்கே கடித்தது. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: வெளி யூனிட் 4 நிமிடம் ஓடியது, 9 நிமிடம் ஓய்ந்தது. அறை சட்டென்று குளிர்ந்துவிடுவதால், காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிய அதற்கு நேரமே இல்லை. ஓய்ந்திருக்கும் 9 நிமிடமும் விசிறி உச்ச வேகத்தில் சுழன்று, தகடுகளில் தங்கிய நீரைத் திரும்ப அறைக்கே ஊதியது. இப்போது 25 டிகிரி, விசிறி மிகக் குறைந்த வேகம். ஈரம் 57 சதவீதத்தில் நிற்கிறது. விடியற்காலையில் சுவர் 23 டிகிரிக்குக் கீழே போவதில்லை. முதல் மூன்று இரவு மகள் முணுமுணுத்தாள். கூரை விசிறியை மெதுவாகச் சுழல விட்டதும் அடங்கிவிட்டாள்.

நிறுத்துவதற்கு முன் 40 நிமிடம் குளிரூட்டல் இல்லாமல் விசிறி மட்டும் ஓட வேண்டும், தகடுகளும் உருளையும் உலர்வதற்கு. அந்த நேரத்தில் அறையின் ஈரம் 57இலிருந்து 63 வரை ஏறுகிறது. முதலில் இதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டேன். இரண்டே வாரத்தில் வாடை எட்டிப் பார்த்தது. திரும்பத் தொடங்கினேன், போய்விட்டது. கொஞ்ச நேர ஏற்றம் பரவாயில்லை, இருண்ட பெட்டிக்குள் நாளெல்லாம் தங்கும் ஈரம்தான் ஆகாது.

செலவு என்று பார்த்தால் ஈரப்பதமானி, நுரைக்குழாய், அடைப்பு மெழுகு, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்தும், முதல் மூன்று மாதம் தெளிப்பான்களுக்கும் எண்ணெய்க்கும் கரிப்பைகளுக்கும் கொட்டியதில் பாதியைத் தொடவில்லை. வெப்பமானி நண்பரிடம் இரவல். மறுபடி செய்வதானால் முதல் நாளே பாலித்தீன் தாளை ஒட்டுவேன். புது ஏசி பொருத்தும்போது பக்கத்திலேயே நின்று, துளைக்குள் என்ன போகிறது என்று பார்ப்பேன். 1 டன்தான் வாங்குவேன்.

தீராத இடம் ஒன்று இருக்கிறது. அலமாரியைச் சுவரிலிருந்து 8 செ.மீ. முன்னால் நகர்த்தியும், அதன் பின்னால் மானி 66 காட்டுகிறது. அறையின் நடுவில் 57. பூஞ்சை இல்லை, ஆனால் அந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை. அலமாரியின் பின்பலகையில் மேலே மூன்று, கீழே மூன்று எனக் காற்றுத் துளைகள் போட வேண்டும். 50 மி.மீ. வட்ட ரம்பம் வாங்கி வைத்தாயிற்று. உள்ளே இருக்கும் துணிகளை யார் எடுத்து அடுக்குவது என்பதில்தான் வீட்டில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.